கர்ப்பமா இருக்கும்போது பிபி மாத்திரை போட்டா குழந்தைக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே பிபி. காலைல பல் விளக்குன கையோட ஒரு மாத்திரை, நாலு வருஷமா அதுபாட்டுக்கு போயிட்டு இருந்துச்சு. நாள் தள்ளிப்போயி டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்த அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா அந்த மாத்திரை அட்டைய திருப்பி பார்த்தேன், மாத்திரைய பிதுக்கி பிதுக்கி பின்பக்க ஃபாயில் எல்லாம் கிழிஞ்சு "டெல்மிசா" வரைக்கும்தான் பேரு மிச்சம் இருந்துச்சு. அதை நெட்ல தேடி படிச்சிட்டு விடிய விடிய அழுதேன். அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டது, படிச்சது, மத்த பொண்ணுங்க என்கிட்ட கேட்டதுன்னு சேர்த்ததுதான் இது. நான் டாக்டர் கிடையாது, இதை பார்த்துட்டு யாரும் மாத்திரைய மாத்தவும் வேணாம், நிறுத்தவும் வேணாம்.

பிபி மாத்திரைன்னாலே குழந்தைக்கு ஆபத்துதானா?

இல்ல. "பிபி மாத்திரை"ன்னு ஒரே பேர்ல சொல்றோமே தவிர அதுல ஏகப்பட்ட ஜாதி இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம வேலை செய்யும். சிலது கர்ப்பத்துல தொடவே கூடாது, சிலது அம்பது அறுபது வருஷமா கர்ப்பிணிகளுக்கே குடுத்துட்டு இருக்காங்க. அதனால யாராவது "பிபி மாத்திரை போடலாமா"ன்னு கேட்டா நான் திருப்பி கேக்குறது ரெண்டே கேள்விதான்: எந்த மாத்திரை, எத்தனாவது வாரம்?

எது கூடவே கூடாது?

பேரோட வால்ல பாருங்க. "ப்ரில்"னு முடிஞ்சா ஒரு கூட்டம்: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில், காப்டோப்ரில். "சார்டன்"னு முடிஞ்சா இன்னொரு கூட்டம்: டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மிசார்டன், வால்சார்டன். அலிஸ்கிரென்னு ஒண்ணு இருக்கு, அதுவும் இதே கதைதான். ஹார்ட் ஃபெயிலியருக்கு குடுக்குற சாகுபிட்ரில் மாத்திரைக்குள்ளயும் வால்சார்டன் ஒளிஞ்சிருக்கு.

இதுல மாட்டுறது எங்கன்னா கூட்டு மாத்திரைலதான். டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ஒண்ணா, டெல்மிசார்டனும் தண்ணி மாத்திரையும் (யூரின அதிகமா போக வைக்கிற மாத்திரை) ஒண்ணான்னு ஒரே மாத்திரைல ரெண்டு மூணு மருந்து இருக்கும், முன்னாடி பெரிய எழுத்துல கம்பெனி வச்ச பேரு மட்டும்தான். "நான் சார்டன் எல்லாம் போடல, வேற ஏதோ போடறேன்"னு சொன்ன ஒரு பொண்ண அட்டைய ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன், பொடி எழுத்துல ரெண்டாவது வரில டெல்மிசார்டன் 40 மில்லிகிராம். அட்டைய பிரிக்கும்போதே பேரு இருக்குற பக்கம் கடைசியா தீர்ற மாதிரி பிதுக்குங்க, இது என் அனுபவம்.

அந்த ரெண்டு கூட்டமும் குழந்தைய அப்படி என்னதான் பண்ணுது?

பனிக்குடத்துல இருக்குற தண்ணி எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? மூணு மாசத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாம் மாசம் வாக்குல பெரும்பாலும், அது குழந்தை போற யூரின்தான். குழந்தை அதையே முழுங்கும், திரும்ப போகும். எனக்கு அஞ்சாம் மாச ஸ்கேன்ல அந்த டாக்டர் ஸ்கிரீன்ல ஒரு சின்ன கருப்பு பொட்ட காட்டி "இது பிளாடர், நெறஞ்சிருக்கு பாருங்க"ன்னாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அதே இடத்துல வச்சு பார்த்தா பொட்டு சிறுத்து போச்சு, "இப்பதான் போனான்"னு சிரிச்சாங்க. கிட்னி வேலை செய்யுதுன்னு அதைவிட என்ன சாட்சி வேணும்.

குழந்தையோட கிட்னிக்கு ரத்தம் ஒழுங்கா போறதுக்கும் அது ஒழுங்கா உருவாகறதுக்கும் ஆஞ்சியோடென்சின்னு ஒரு பொருள் வேணும். பெரியவங்களுக்கு அது அதிகமா வேலை செஞ்சா ரத்தக்குழாய் இறுகி பிபி ஏறும், ப்ரிலும் சார்டனும் அதைத்தான் தடுக்குது. ஆனா மருந்து நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கும் போயிடும், அங்கயும் தடுக்கும், குழந்தையோட பிரஷர் இறங்கும், கிட்னி சுணங்கும், யூரின் குறையும். யூரின் குறைஞ்சா பனிக்குடத்துல தண்ணி குறையும். தண்ணி குறைஞ்சா நுரையீரல் விரியாது (குழந்தை அந்த தண்ணிய உள்ள இழுத்து வெளிய விட்டுத்தான் நுரையீரல் வளருது), கைகால் மடங்குன வாக்குல இறுகிடும், மண்டை ஓட்டு எலும்பு சரியா கூடாது. ரொம்ப மோசமா போனா வயித்துக்குள்ளயே இறந்துடும், இல்லன்னா பிறந்ததும் யூரினே வராம டயாலிசிஸ் வரைக்கும் போகும். பெரியவங்க கிட்னிய காப்பாத்த குடுக்குற அதே மருந்து குழந்தை கிட்னிய கெடுக்குது, இதை டாக்டர் சொன்னப்ப எனக்கு நம்பவே முடியல.

இந்த வகைல முதல்ல வந்தது காப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்போட விஷத்தை ஆராய்ச்சி பண்ணப்போயி கிடைச்ச மருந்து, 1981ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. குழந்தைங்க பாதிக்கப்பட்ட கேஸ் ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சு 1992ல நாலாம் மாசத்துல இருந்து போடக்கூடாதுன்னு கட்டம் கட்டி எச்சரிக்கை போட வச்சாங்க.

எனக்கு தெரியாம ரெண்டு மாசம் டெல்மிசார்டன் போட்டுட்டேன். கலைச்சிடணுமா?

இந்த கேள்விதான் எனக்கு அதிகமா வருது, பாதி பேரு ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்புவாங்க. முதல்ல மூச்சு விடுங்க. இதுக்காக மட்டும் கலைக்க சொல்ற டாக்டர் இருந்தா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க.

மேல சொன்ன கிட்னி விஷயம் எல்லாம் நாலாம் மாசத்துக்கு மேல தொடர்ந்து போட்டாத்தான். முதல் மூணு மாசத்துல என்ன ஆகும்ங்கிறதுல ஒரு குழப்பம் இருந்துச்சு. 2006ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு, முதல் மூணு மாசம் மட்டும் ப்ரில் போட்ட அம்மாக்களோட 209 குழந்தைங்கள பார்த்துட்டு பெரிய பிறவிக்குறை 100க்கு 7 பேருக்குன்னு சொன்னாங்க, பிபி மருந்தே போடாதவங்க குழந்தைங்கள்ல அது 100க்கு 2.6. உடனே எல்லாரும் ஆடிப்போயிட்டாங்க. ஆனா பிபி இருக்குறவங்களுக்கு சுகர், உடம்பு வெயிட், வயசுன்னு கூட நாலு விஷயம் இருக்குமே, அதுவே குழந்தைக்கு குறை வர்றதுக்கு காரணமாகுமே? அதையெல்லாம் கணக்குல எடுத்து 2011ல கலிஃபோர்னியாவுல ஒரு ஆய்வு, 2017ல 13 லட்சத்துக்கும் மேல கர்ப்பங்கள வச்சு இன்னொரு ஆய்வு பண்ணாங்க, மருந்தால தனியா ஆபத்து கூடுற மாதிரி தெரியல, பிபி இருக்குறவங்களுக்கு மருந்து போட்டாலும் போடாட்டாலும் கொஞ்சம் கூடத்தான் இருக்குன்னு வந்துச்சு.

அதனால நடைமுறைல என்ன பண்றாங்கன்னா, கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னிக்கே வேற மாத்திரைக்கு மாத்திடுவாங்க, அஞ்சாம் மாச ஸ்கேன் நல்லா விலாவாரியா பார்ப்பாங்க, அவ்ளோதான். எனக்கும் அதான் நடந்துச்சு, ஆறாவது வாரத்துல மாத்துனாங்க. நாலாம் மாசம் தாண்டியும் தெரியாம போட்டுட்டு இருந்தவங்களுக்கு தண்ணி அளவு, கிட்னி, மண்டை ஓடு எல்லாம் அடிக்கடி ஸ்கேன் பண்ணி பார்ப்பாங்க. மருந்த நிறுத்துனதும் தண்ணி திரும்ப ஏறுன கேஸ் எவ்வளவோ இருக்கு, எல்லாருக்கும் ஏறும்னு சத்தியம் பண்ண முடியாது.

பயத்துல எல்லா மாத்திரையும் நிறுத்திட்டேன், குழந்தை வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு. சரிதானே?

சரியில்ல, இதை கொஞ்சம் கோவமாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பிபிய அப்படியே விட்டா அது சும்மா இருக்காது. நஞ்சுக்கொடிக்கு போற ரத்தம் குறைஞ்சு குழந்தை வெயிட் போடாது, நஞ்சு முன்கூட்டியே கர்ப்பப்பைல இருந்து பிரிஞ்சு ரத்தப்போக்கு வரலாம், ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்துல பிபி ஏறி கிட்னி, ஈரல்னு மத்த உறுப்பையும் பாதிக்கிற நோய்) வந்து ஃபிட்ஸ் வரலாம், உங்களுக்கு மூளைல ரத்தம் கசியலாம், இதுல எது வந்தாலும் ஏழு எட்டு மாசத்துலயே குழந்தைய வெளிய எடுக்க வேண்டி வரலாம்.

முன்ன எல்லாம் டாக்டர்களுக்கே இதுல சந்தேகம் இருந்துச்சு, பிபிய குறைச்சா நஞ்சுக்கு ரத்தம் குறைஞ்சு குழந்தை சின்னதா போயிடுமோன்னு 160 தாண்டுற வரைக்கும் மருந்து குடுக்காம விடுவாங்க. 2022ல சாப்னு ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்துச்சு, முன்னாடியே லேசா பிபி இருந்த 2408 கர்ப்பிணிங்க, பாதி பேருக்கு 140/90க்கு கீழ வைக்கிற மாதிரி மருந்து, மீதி பேருக்கு 160/105 தொட்டாத்தான் மருந்து. தீவிர ப்ரீஎக்லாம்ப்சியா, 35 வாரத்துக்கு முன்னாடி மருத்துவ காரணத்துக்காக டெலிவரி, நஞ்சு பிரியறது, குழந்தை இறக்கறது இதுல ஏதாவது ஒண்ணு நடந்தது மருந்து போட்டவங்கள்ல 30.2 சதவீதம், காத்திருந்தவங்கள்ல 37 சதவீதம். குழந்தை வெயிட் குறைஞ்சுதான்னு பார்த்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், சின்னதா பிறந்த குழந்தைங்க மருந்து போட்டவங்கள்ல 11.2 சதவீதம், காத்திருந்தவங்கள்ல 10.4. அந்த வருஷமே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 140/90லயே மருந்து ஆரம்பிக்கலாம்னு மாத்திட்டாங்க.

அப்ப எதைத்தான் போடறது?

பெரும்பாலும் மூணு பேருதான் காதுல விழும்: லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா.

லபெட்டலால் எனக்கு குடுத்தது, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை போடணும், அதான் தொல்லை, மத்தியான மாத்திரைய மறக்காத ஆளே கிடையாது. தலைமுடி வேர்ல குறுகுறுன்னு ஊர்ற மாதிரி சிலருக்கு இருக்கும், பயப்பட ஒண்ணும் இல்ல. ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு இது ஆகாது, டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிடுங்க. நிஃபெடிபின் மெதுவா கரையுற வகை மாத்திரை, தினமும் போடறதுக்கு அதுதான், முழுசா முழுங்கணும், உடைச்சாலோ மென்னாலோ மொத்த மருந்தும் ஒரே நேரத்துல இறங்கி பிபி சடார்னு விழும். தலைவலி, முகம் சூடாகுறது, கால் வீக்கம் வரும்.

மெத்தில்டோபா தாத்தா காலத்து மருந்து, தூக்கம் தூக்கமா வரும், மனசு டல்லா இருக்கும். ஆனா குழந்தைங்கள ஏழரை வயசு வரைக்கும் கூடவே இருந்து பார்த்து, வளர்ச்சி, அறிவு எல்லாம் சரியா இருக்குன்னு 1982லயே எழுதி வச்ச மருந்து இது. வேற எந்த பிபி மாத்திரைக்கும் அவ்வளவு பழைய சாட்சி கிடையாது.

அட்டெனலால் ரொம்ப வருஷமா போடறேன், அதுவும் லபெட்டலால் மாதிரி "லால்" தானே?

வால் ஒண்ணுதான், ஆனா குணம் வேற. அட்டெனலால் போட்டவங்களுக்கு குழந்தை சின்னதா பிறக்குது. 1990ல ஒரு சின்ன ஆய்வு, 30 பேரு பக்கம்தான் இருப்பாங்க, அட்டெனலால் போட்டவங்க குழந்தை சராசரி 2620 கிராம், டம்மி மாத்திரை போட்டவங்க குழந்தை 3530 கிராம். ஆள் கம்மிதான், ஆனா கிட்டத்தட்ட ஒரு கிலோ வித்தியாசம். ஆரம்பத்துலயே ஆரம்பிச்சு ரொம்ப நாள் போட்டாத்தான் இந்த பிரச்சினை கூடுதல்னு அப்புறம் வந்ததுலயும் தெரிஞ்சுது. அதனால மாத்திடுவாங்க. நீங்களா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, இந்த வகை மாத்திரைய திடீர்னு விட்டா நெஞ்சு படபடப்பும் பிபியும் எகிறும்.

அம்லோடிபின்?

நிஃபெடிபினோட தம்பி. நிஃபெடிபின் அளவுக்கு ஆராய்ச்சி இல்ல, அதனால முதல்ல எழுத மாட்டாங்க, ஆனா இதனால குறை வந்ததா தெரியல, சில டாக்டர்கள் தொடர சொல்றதும் உண்டு.

கால் வீங்கியிருக்கு, தண்ணி மாத்திரை போட்டா வத்திடும்ல?

கர்ப்பத்துல கால் வீங்குறது நிறைய பேருக்கு வர்றது, அதுக்கு தண்ணி மாத்திரை மருந்தே இல்ல. ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவங்களுக்கு கால் வீங்கியிருந்தாலும் ரத்தக்குழாய்க்குள்ள தண்ணி கம்மியாத்தான் இருக்கும், அதையும் வெளிய அனுப்புனா நஞ்சுக்கு போற ரத்தம் இன்னும் குறையும். முன்னாடியே ஹைட்ரோகுளோரோதையசைடுங்கிற தண்ணி மாத்திரை போட்டுட்டு இருந்தவங்களுக்கு சில சமயம் தொடர சொல்வாங்க, அதால பிறவிக்குறை வர்றதில்ல. ஸ்பைரோனோலாக்டோன்ங்கிற தண்ணி மாத்திரை மட்டும் வேணாம், அது ஆண் ஹார்மோனை தடுக்குற மருந்து, எலிங்கள்ல ஆண் குட்டியோட உறுப்பு வளர்ச்சிய பாதிச்சுது. முகப்பருவுக்கும் பிசிஓஎஸ்க்கும் கூட அதை எழுதுறாங்க, அதனால "எனக்கு பிபியே இல்லயே"ன்னு சொல்றவங்களும் அட்டைய பார்க்கணும்.

எனக்கு பிபி இல்ல, சுகர்தான். ஆனா யூரின்ல புரோட்டீன் போகுதுன்னு ராமிப்ரில் குடுத்திருக்காங்க.

நீங்கதான் அதிகமா கவனமா இருக்க வேண்டிய ஆளு, ஏன்னா "பிபி மாத்திரை"ன்னு படிச்சதும் நமக்கு இல்லன்னு தாண்டி போயிடுவீங்க. குழந்தைக்கு பிளான் பண்றீங்கன்னா டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க. கிட்னிக்காக சில பேருக்கு கர்ப்பம் உறுதியாகுற வரைக்கும் தொடர சொல்லி, மாசா மாசம் டெஸ்ட் பண்ணி, பாசிட்டிவ் வந்த அன்னிக்கே நிறுத்த சொல்வாங்க, சில பேருக்கு முன்னாடியே மாத்திடுவாங்க.

நாலாம் மாசத்துல பிபி தானா குறைஞ்சிடுச்சு, சரியாயிடுச்சா?

சரியாகல, ரத்தக்குழாய் எல்லாம் தளர்ந்து நடு மாசங்கள்ல நிறைய பேருக்கு பிபி கொஞ்சம் இறங்கும், கடைசி மூணு மாசத்துல திரும்ப ஏறும். இறங்குற நேரத்துல பழைய டோஸையே போட்டா தலை சுத்தும், ரொம்ப இறங்குனா நஞ்சுக்கு ரத்தம் பத்தாது. அதனால அப்ப டோஸ் குறைப்பாங்க, சிலருக்கு கொஞ்ச நாள் நிறுத்தி கூட வைப்பாங்க. வீட்ல பிபி மிஷின் இருந்தா அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு, கால தரைல வச்சு பாருங்க, நோட்டுல எழுதுங்க. என் நோட்டுல பாதி பக்கம் என் பையன் கிறுக்கி வச்சிருக்கான், இன்னும் இருக்கு.

மாத்திரை அட்டை லீஃப்லெட்ல "சி பிரிவு"ன்னு போட்டிருக்கு. சி-ன்னா ஆபத்தா?

அது அமெரிக்காவுல இருந்த பழைய ஏ, பி, சி, டி, எக்ஸ் முறை. எல்லாரும் அதை மார்க் ஷீட் மாதிரி படிச்சு குழம்புனாங்க, சி-ங்கிறது பெரும்பாலும் "மனுஷங்கள்ல போதுமான ஆராய்ச்சி இல்ல"ங்கிற அர்த்தம்தான். லபெட்டலாலும் சி, நிஃபெடிபினும் சி! 2015ல இருந்து அந்த எழுத்தையே எடுத்துட்டு விளக்கமா எழுத சொல்லிட்டாங்க.

டாக்டர் ஆஸ்பிரினும் எழுதியிருக்காங்க, அது ரத்தத்தை உறைய விடாதே, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா?

75ல இருந்து 150 மில்லிகிராம் வரைக்கும் உள்ள குட்டி டோஸ் அது, பிபிய குறைக்க இல்ல, ப்ரீஎக்லாம்ப்சியா வராம தடுக்க. 12வது வாரம் வாக்குல ஆரம்பிக்கணும், 16 தாண்டிட்டா பலன் குறையும். குழந்தைக்கு கெடுதல் இல்லன்னு நல்லா பார்த்தாச்சு.

ஆனா இடுப்பு வலின்னு டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் கடைல வாங்கி போடாதீங்க. 20 வாரத்துக்கு மேல அதுவும் குழந்தை கிட்னிய சுணங்க வச்சு தண்ணிய குறைக்கும், 2020ல எஃப்டிஏ (அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) எச்சரிக்கை விட்டாங்க. போதாக்குறைக்கு உங்க பிபியையும் ஏத்தும். வலிக்கு பாராசிட்டமால், அதுவும் கேட்டுட்டு.

மருந்தே வேணாம், இயற்கையா குறைக்க ஏதாவது?

முன்னாடியே பிபி இருக்குறவங்களுக்கு மூலிகையால மட்டும் குறையும்னு நம்பாதீங்க. சளிக்கு நல்லதுன்னு அதிமதுரம் குடிப்பாங்க, அது நிறைய போனா பிபிய ஏத்தும், இது பாதி பேருக்கு தெரியாது.

எப்ப உடனே கிளம்பணும்?

160/110 வந்துச்சுன்னா, கால் மணி நேரத்துல திரும்ப பார்த்தும் அதேன்னா, யோசிக்காம கிளம்புங்க. தலை பிளக்குற மாதிரி வலி, கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குறது, மேல் வயிறு வலது பக்கம் வலி, குழந்தை அசைவு குறையறது, இதுல எது இருந்தாலும் மிஷின்ல நம்பர் கம்மியா காட்டுனா கூட கிளம்புங்க. அங்க நரம்பு வழியா லபெட்டலாலோ ஹைட்ராலசினோ, இல்ல சீக்கிரம் வேலை செய்யுற நிஃபெடிபினோ குடுப்பாங்க. குழந்தையோட இதயத்துடிப்ப பார்த்துக்கிட்டே மெதுவா இறக்குவாங்க, தடாலடியா இறக்குனா குழந்தைக்கு மூச்சு முட்டும். ஃபிட்ஸ் வராம இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் போடுவாங்க, உடம்பே கொதிக்கிற மாதிரி இருக்கும், 2002ல 10,000 பேருக்கு மேல வச்சு பண்ண ஆய்வுல ஃபிட்ஸ் பாதியா குறைஞ்சுது.

குழந்தை பிறந்ததும் மருந்தால ஏதாவது தெரியுமா?

கடைசி வரைக்கும் லபெட்டலால் போட்டவங்க குழந்தைக்கு முதல் ஒண்ணு ரெண்டு நாள் சுகர் இறங்கலாம், நெஞ்சுத்துடிப்பு மெதுவா இருக்கலாம். அதுக்குத்தான் குதிகால்ல குத்தி குத்தி சுகர் பார்ப்பாங்க. என் பையனுக்கு மூணு தடவை குத்துனாங்க, மூணாவது தடவை அவன விட நான்தான் கத்துனேன். பாலை சீக்கிரம் குடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

தாய்ப்பால் குடுக்கும்போது?

லபெட்டலால், நிஃபெடிபின் தொடரலாம், பால்ல போறது கொஞ்சூண்டுதான். அட்டெனலால் பால்ல தேங்கி போகும், வேணாம். மெத்தில்டோபா போட்டவங்களுக்கு டெலிவரி ஆன ரெண்டு நாளைக்குள்ள மாத்திடுவாங்க, அந்த நேரத்துல ஏற்கனவே மனசு ஒரு மாதிரி இருக்கும், இது இன்னும் அழுத்தும். டெலிவரி ஆனாலும் பிபி உடனே இறங்காது, மூணாவது நாள்ல இருந்து ஆறாவது நாள் வரைக்கும் ஏறுறது சகஜம், அதனால வீட்டுக்கு வந்தும் பாருங்க.

எனக்கு நாலாவது நாள் மாத்திரைய மாத்தி ஒரு புது அட்டைய குடுத்தாங்க. பழக்க தோஷம், உடனே திருப்பி பார்த்தேன், எனலாப்ரில். ஒன்பது மாசமா எந்த வால பார்த்து பயந்தேனோ அதே "ப்ரில்". நர்ஸ கூப்பிட்டு ஒரு சண்டையே போட்டேன், அவங்க பொறுமையா கேட்டுட்டு "நஞ்சுக்கொடி வழியா போனாத்தான் பிரச்சினை, இப்ப அது எங்க இருக்கு? பால்ல ரொம்ப கம்மியாத்தான் போகும், குறைமாசக் குழந்தைன்னா யோசிப்போம், உங்களுது நிறைமாசம்"னாங்க. அடுத்த குழந்தைக்கு பிளான் பண்ணா முதல்ல வந்து இதை மாத்திட்டு போங்கன்னு சீட்டுலயே எழுதி குடுத்தாங்க, அந்த சீட்டு இன்னும் மாத்திரை டப்பாக்குள்ளதான் இருக்கு.